பழைய பைக்கின் முன் சக்கரத்தைத் திரும்பப் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, எங்கள் தோட்டத்துச் சாளையில்தான் நான் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறேன். அப்பாருவின் புல்லட்டில் ஆரம்பித்தது. அப்புறம் ஜாவா, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று சொந்தக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். இன்ஜினைப் பற்றிக் கேட்பவர்களைவிட முன் சக்கரத்தைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். பெயிண்ட் அடித்து, இன்ஜினை ஏற்றி, இன்னும் சக்கரம் மட்டும்தான் பாக்கி என்று வரும்போது எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் நடக்கும் தப்புகள்தான் எனக்குப் பயம். அதனால் என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன்.

ஏனுங்ணா, முன் சக்கரந்தானே? நாமளே பூட்டிக்கலாமா, இல்ல மெக்கானிக்குக்கிட்டயே குடுத்துடலாமா?

தாராளமாக நீங்களே பூட்டலாம். நல்ல ஸ்பேனர்கள், மரச் சுத்தி, கிரீஸ், துடைக்கக் கொஞ்சம் திருப்பூர் பனியன் வேஸ்ட், பிரேக்கைப் பிடித்துக்கொள்ளக் கூட ஒரு ஆள் இருந்தால் போதும். ஒரு மத்தியானம் முழுசாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயதில் ஒரு ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றுக்கொண்டார். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. ஆனால் பிரிக்கும்போதே வரிசை தெரிய வேண்டும். கழற்றுகிற ஒவ்வொரு வாஷரையும் எந்தப் பக்கத்தில் இருந்தது, எது உள்ளே எது வெளியே என்று போனில் படம் எடுத்து வையுங்கள். சாமானை அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். பூட்டும்போது வரும் குழப்பத்தில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

முன்னால தூக்கி நிறுத்தறது எப்படிங்க? சென்டர் ஸ்டாண்டுல போட்டா முன் பக்கம் கீழேயே சாயுது.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் அகலமான பலகை வைத்து, அதற்கும் கீழே ஜாக்கியோ கட்டையோ கொடுங்கள். ஜாக்கியின் முனை நேராக கிராங்க் கேஸில் படக்கூடாது, அலுமினியம் விரிசல் விடும். பிரேமின் குழாயில் பாரம் இறங்கினால் இன்னும் நல்லது. பின் பக்கம் கேரியரில் ஒரு மணல் மூட்டை வைத்தால் வண்டி அசையாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

பழைய பேரிங்கே நல்லாத்தானுங்க சுத்துது. மாத்தியே ஆகணுமா?

விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நெருநெருவென்று மணல் மாதிரி உணர்ந்தாலோ, ஓரிடத்தில் தட்டி நின்றாலோ மாற்றுங்கள். பத்து வருஷம் சாளையில் நின்ற வண்டி என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், மாற்றிவிடுவேன். ஒரு செட் பேரிங்கின் விலை பெரிதில்லை.

வாங்கும்போது பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைக் கடைக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள். கடைசி இரண்டு எண்கள் உள்துளையின் அளவு: 01 என்றால் 12 மி.மீ., 02 என்றால் 15, 03 என்றால் 17. ஆனால் துளை ஒன்றாக இருந்தாலும் வெளி அளவு மாறும். 6202-க்கு வெளிவிட்டம் 35 மி.மீ., 6302-க்கு 42. இரண்டுக்கும் துளை 15 தான். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. மழையிலும் வாய்க்கால் மேட்டிலும் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி.

ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்துவிடும், புது பேரிங் அன்றைக்கே வீண். ஹப் (பேரிங் உட்காரும், சக்கரத்தின் நடுப்பகுதி) அலுமினியமாக இருந்தால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, பேரிங்கை ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

ரெண்டு பேரிங்குக்கு நடுவுல ஒரு குழாய் இருந்துச்சு. அது எதுக்குங்க? அது இல்லாமயும் சக்கரம் ஏறுதே?

ஏறும். அதுதான் ஆபத்து.

அந்தக் குழாய்க்கு டிஸ்டன்ஸ் பீஸ் என்று பெயர். ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நட்டை இறுக்கும்போது வரும் அழுத்தம் ஒரு பேரிங்கின் உள் வளையத்திலிருந்து இந்தக் குழாய் வழியாக அடுத்த பேரிங்கின் உள் வளையத்துக்குப் போகிறது. குழாய் இல்லையென்றால், அல்லது தேய்ந்து அரை மி.மீ. குறைந்திருந்தாலும், நட்டை இறுக்க இறுக்க உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். பேரிங் சூடேறி இறுகிவிடும்.

எனக்கே இது நடந்தது. ஆரம்ப காலத்தில் வெளியே ஒரு பட்டறையில் பேரிங் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். குழாயைப் போடாமல் பூட்டியிருந்தார்கள், நானும் திறந்து பார்க்கவில்லை. தாராபுரம் ரோட்டில் இருபது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் முன்னாலிருந்து கீச்சென்று சத்தம். நிறுத்தி ஹப்பைத் தொட்டால் கை சுட்டது. வேகமாகப் போயிருந்தால் சக்கரம் இறுகி நின்றிருக்கும். அன்றிலிருந்து பேரிங் போட்டதும் ஆக்சிலை உள்ளே விட்டு, குழாய் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

முறை இதுதான்: முதல் பேரிங்கை அடிவரை உட்காரவைக்க வேண்டும். குழாயைப் போட வேண்டும். இரண்டாவது பேரிங்கை, அதன் உள் வளையம் குழாயை மெல்லத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம்.

பவுடர் கோட்டிங் பண்ணினதுக்கு அப்புறம் ஆக்சில் நுழையவே மாட்டேங்குதுங்க.

இப்போது நொம்பப் பேர் கேட்கும் கேள்வி. பவுடர் கோட்டிங் கனமாக உட்காரும். சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் ஆக்சில் உட்காரும் பள்ளம், அதை மூடும் கேப், பேரிங் உட்காரும் இடம், வாஷர் படும் முகம் என்று எங்கெல்லாம் உலோகமும் உலோகமும் தொட வேண்டுமோ அங்கெல்லாம் பூச்சு இருக்கவே கூடாது. பட்டறைக்குக் கொடுக்கும் முன்பே அந்த இடங்களை மூடச் சொல்லுங்கள். ஏற்கனவே அடித்துவிட்டார்கள் என்றால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். பூச்சின் மேலேயே இறுக்கினால் இன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். சில நாளில் பூச்சு நசுங்கி நட்டு தளர்ந்துவிடும்.

ஆக்சிலுக்கு குரோம் போடச் சொல்லாதீர்கள். பூச்சின் கனத்தால் பேரிங்கில் நுழையாது. அதைவிட முக்கியம், அந்த வேலையில் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, கடினமான எஃகு நொறுங்கும் தன்மை அடையலாம். ஆக்சிலைச் சுத்தமாகத் துடைத்து, சமமான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் கோணியிருக்கிறது. நிமிர்த்தி உபயோகிக்காமல் வேறு வாங்குங்கள். நேராக இருந்தால் மெல்லிசாக கிரீஸ் தடவினால் போதும்.

ஸ்போக்ஸ் கம்பி கட்டினவரு கோட்டமெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னாரு. நான் மறுக்கா பாக்கணுமா?

பாருங்கள். ஆக்சிலை உள்ளே விட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஒரு மி.மீ.க்கு மேல் விலகினால் திருப்பிக் கொடுங்கள். கம்பிகளைச் சின்ன ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், டொக்கென்று கேட்பது தளர்ந்த கம்பி. நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை ராவிவிட்டு, ரிம் டேப் போட்ட பிறகே டியூப் போடுங்கள்.

கோட்டம் வேறு, நடு வேறு. ஒரு பக்கம் மட்டும் பிரேக் டிரம் இருக்கும் ஹப்பில், ரிம் ஹப்பின் நடுவில் இருக்காது. சக்கரம் ஃபோர்க்கில் ஏறிய பிறகுதான் இரண்டு காலுக்கும் நடுவில் வரும். கம்பி கட்டுபவருக்கு இது தெரியாவிட்டால் ஹப்பின் நடுவில் ரிம்மை நிறுத்திவிடுவார். பிரிக்கும் முன்பே அளந்து எழுதிக் கொடுங்கள்.

டயர்ல அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்கணும்?

வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில். முன் டயரில் சிலவற்றுக்கு முன், பின் என இரண்டு அம்புக்குறி இருக்கும், எழுத்தைப் படித்துப் போடுங்கள். புல்லட்டுக்கு முன்னால் 3.25-19, ஆர்எக்ஸ் 100-க்கு 2.50-18. அழகுக்காக அகலமான டயர் போட்டால் மட்கார்டில் உரசும்.

புது பிரேக் ஷூ போட்டேன், டிரம் மேல ஏறவே மாட்டேங்குதுங்க. தேய்ச்சு விடலாமா?

முதலில் கேபிள் அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்துங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே ஏறிவிடும். இல்லையென்றால் டிரம்மின் வாயில் தேயாத ஒரு விளிம்பு நின்றிருக்கும், விரலால் தடவினால் தெரியும். லேத்தில் அந்த விளிம்பை எடுத்து, டிரம் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் லேசாகக் கடைந்துவிடலாம். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் இதைச் செய்யும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கம்பி கட்டிய பிறகு, முழுச் சக்கரத்தோடு கடையச் சொல்லுங்கள். கம்பியின் இழுப்பு டிரம்மைக் கொஞ்சம் கோணலாக்கும். முதலிலேயே கடைந்துவிட்டால் அந்தக் கோணல் அப்படியே நிற்கும்.

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்று அடித்தோ வாயால் ஊதியோ எடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சாளையில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் வெளியே அனுப்பிவிட்டுத் திறங்கள். புது ஷூவில் கிரீஸ் கை பட்டுவிட்டால் சுத்தம் செய்து ஏமாற வேண்டாம், லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும். மாற்றுங்கள்.

பிரேக் பிளேட்டை எந்த வாக்குல வெக்கறதுன்னு தெரியலீங்க. எப்படி வெச்சாலும் சக்கரம் ஏறுது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்கிறது. டிரம் சக்கரத்தோடு சுற்றுகிறது. அப்போது ஷூவைத் தாங்கும் பிளேட்டும் கூடவே சுற்றத்தான் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் நிறுத்துவது ஃபோர்க் காலில் உள்ள ஒரு புடைப்பும் பிளேட்டில் உள்ள காடியும் மட்டும்தான். சில வண்டிகளில் காடிக்குப் பதிலாக ஒரு தனிப்பட்டையும் போல்ட்டும் இருக்கும். அந்தப் புடைப்பு காடிக்குள் உட்காராமல் வெளியே நின்றாலும் ஆக்சில் நுழையும், நட்டு இறுகும், சக்கரம் அழகாகச் சுற்றும். தள்ளிப் பார்க்கும்போது மெதுவாகப் பிரேக் பிடித்தால் நிற்கவும் செய்யும்.

ரோட்டில் வேகத்தில் ஒருமுறை அழுத்திப் பிடித்தால் பிளேட் முழுசாகச் சுழலும். கேபிள் ஆக்சிலைச் சுற்றி இழுபடும். இழுபட இழுபட பிரேக் இன்னும் அழுந்தும். நீங்கள் கையை விட்டாலும் விடாது. சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேலே போவார். அதனால் சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போதே காடியைப் பார்த்து வையுங்கள். பூட்டிய பிறகு டார்ச் அடித்து, கண்ணால் பாருங்கள். அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். காடி தேய்ந்து அகன்று ஆட்டம் இருந்தால் வெல்டிங் வைத்துச் சரியான அளவுக்கு ராவ வேண்டும், அல்லது பிளேட்டை மாற்ற வேண்டும்.

எந்த நட்டை மொதல்ல முறுக்கோணும்?

ஆக்சில் நட்டு முதலில், ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கின் கிளாம்ப் கடைசியில். அந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது இரண்டு.

ஆக்சில் நட்டைக் கையால் இறுகும் வரை மட்டும் திருகுங்கள். சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, கூட இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் பிடித்த பிடியை விடாமல் இருக்கும்போதே நட்டை இறுக்குங்கள். இப்படிச் செய்தால் ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கி, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலை நாலைந்து முறை அழுத்தி ஃபோர்க்கை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஃபோர்க் கால்கள் ஆக்சிலின் மேல் தமக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் கிளாம்ப் போல்ட்டை இறுக்க வேண்டும். முன்பே இறுக்கினால் இரண்டு காலும் ஒன்றையொன்று நெருக்கியபடி நின்று, ஃபோர்க் பள்ளத்தில் இறங்காமல் விறைக்கும்.

புல்லட் மாதிரி கீழே கேப்பும் ஸ்டட்டும் உள்ள வண்டியில் முன், பின் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரக் கூடாது.

எவ்வளவு இறுக்கணுமுங்க? எங்க மாமா காலால மிதிச்சு முறுக்கோணும்னு சொல்றாரு.

மாமாவுக்கு மரியாதை, ஆனால் காலால் மிதிக்க வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பழைய ஸ்டட்டும் அலுமினியக் கேப்பும் அதிக இறுக்கத்தில்தான் முறிகின்றன.

காடி வெட்டிய நட்டும் ஸ்பிளிட் பின்னும் உள்ள வண்டியில், துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் திருப்ப வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். மாட்டு வண்டியில் கடையாணி செய்யும் வேலையைத்தான் இது இங்கே செய்கிறது. கடையாணி இல்லாமல் யாரும் வண்டி பூட்ட மாட்டார்கள் அல்லவா.

ஸ்பீடோமீட்டர் முள்ளு அசையவே மாட்டேங்குது. பூட்டறதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்துச்சு.

ஹப்பில் உள்ள காடிக்குள் ஸ்பீடோ டிரைவின் (ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் பாகம்) காது உட்காரவில்லை. உட்காராமலே நட்டை இறுக்கியிருந்தால் காது நசுங்கியிருக்கும், கழற்றிப் பாருங்கள். அடுத்த முறை டிரைவைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். காது உள்ளே விழுவது கைக்குத் தெரியும். கேபிள் நேராக மேலே போகிற திசையில் டிரைவைத் திருப்பி வைத்த பிறகு இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டியாச்சு, ஆனா சக்கரம் சுத்தறப்போ ஒரு இடத்துல மட்டும் உரசுதுங்க.

ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் டிரம் வட்டமாக இல்லை. புது ஷூவில் லேசாக இருந்தால் ஓட ஓடப் போய்விடும், பலமாக இருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். சுற்று முழுவதும் உரசினால் ஷூ நடுவில் உட்காரவில்லை, மேலே சொன்ன மாதிரி பிரேக்கைப் பிடித்தபடி மறுபடி இறுக்குங்கள். நட்டை இறுக்கிய பிறகுதான் சக்கரம் கனக்கிறது என்றால் டிஸ்டன்ஸ் பீஸைப் பாருங்கள்.

பிரேக் புடிக்குது, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது. லீவர் ஹேண்டில் வரைக்கும் போகுதுங்க.

பிரேக்கை முழுசாகப் பிடித்த நிலையில், கேபிளுக்கும் பிளேட்டில் இருக்கும் கைக்கும் (கேபிள் இழுக்கும் சின்ன லீவர்) நடுவில் உள்ள கோணத்தைப் பாருங்கள். 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் இழுவை முழுசாகக் கிடைக்கும். அதைத் தாண்டிப் போயிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பலன் குறையும். கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள்.

பிந்திய புல்லட்டுகளில் இருக்கும் 7 அங்குல இரட்டைக் கேம் (ஷூவை விரிக்கும் துண்டு) பிரேக்கில் இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு கையையும் இணைக்கும் கம்பியின் நீளம் தவறாக இருந்தால் ஒரு ஷூ மட்டும்தான் வேலை செய்யும். கம்பியின் ஒரு முனையைக் கழற்றி, இரண்டு கையையும் தனித்தனியாக ஷூ டிரம்மைத் தொடும் வரை திருப்பிப் பிடித்து, அந்த இடைவெளிக்குக் கம்பியின் நீளத்தைச் சரி செய்து மாட்டுங்கள். முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டட் மரை கழண்டு போச்சுங்க. கிடைக்கற நட்டைப் போட்டு முறுக்கிடலாமா?

வேண்டாம். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரைதான். அதில் சைக்கிள் மரை என்பது அங்குலத்துக்கு 26 சுற்று. பார்வைக்குப் பக்கத்து அளவாக இருக்கும் மெட்ரிக் நட்டு இரண்டு சுற்று ஏறும், அப்புறம் ஸ்டட்டையும் சேர்த்து நாசம் பண்ணும். ஜாவாவுக்கு மெட்ரிக், ஆனால் சுற்றின் இடைவெளியைப் பார்த்து வாங்க வேண்டும். மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஸ்டட், நட்டு கிடைத்தாலும், ஆக்சிலைப் பிடிக்கும் இடத்துக்குப் பழையதை நான் போடுவதில்லை. அளவைக் கொடுத்தால் நல்ல எஃகில் கடைந்து தரும் பட்டறை நம் ஊரிலேயே இருக்கிறது.

கைய லேசா விட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. ரிம்மு நேராத்தான இருக்கு?

முதலில் ரிம்முக்கும் இரண்டு ஃபோர்க் காலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மேலே கம்பி கட்டும் கேள்வியில் சொன்ன நடு தவறியிருக்கிறது. சமமாக இருந்தால் பின் டயரின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குறை பின் சக்கரத்தின் செயின் அட்ஜஸ்டரில் இருக்கலாம், முன் சக்கரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சரி, ஆனால் ஹேண்டில் மட்டும் கோணலாகத் தெரிகிறது என்றால் ஃபோர்க் முறுகியிருக்கிறது. ஃபோர்க் கால்களை மேலே பிடிக்கும் யோக் கிளாம்ப்புகளையும் ஆக்சில் கிளாம்ப்பையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து, ஹேண்டிலை நேராகத் திருப்புங்கள். அப்புறம் முன்பு சொன்ன வரிசையில் மறுபடி இறுக்குங்கள்.

பூட்டினதும் வால்பாறை ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா?

ஆசை புரிகிறது, ஆனால் ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவும், இறங்கும்போது புது ஷூவும் ஒன்றுக்கொன்று ஆகாது. புது லைனிங் முழுசாக டிரம்மைத் தொடுவதற்கு நாள் ஆகும். முதலில் தோட்டத்து வழியில் நடக்கும் வேகத்தில் நாலு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஊருக்குள், அப்புறம் காலியான ரோட்டில், பிரேக்கைச் சுடவிடாமல் விட்டு விட்டுப் பிடித்து ஓட்டுங்கள். ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை சுட்டால் உடனே பிரியுங்கள்.

50 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சில் நட்டு, கிளாம்ப், கம்பிகள், கேபிள் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள், புதிதாகக் கட்டிய கம்பி கொஞ்சம் தளரும். 300 தாண்டியதும் இன்னொரு முறை. அதன் பிறகு வால்பாறைக்குப் போங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள்.